கூண்டுக்குக் கிளி தானாகத் திரும்புமா? ஜோசியக் கிளி சொல்லாத கணக்கு

ஜெயங்கொண்டம் பக்கம் மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாள்களில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் தெரியும். பச்சைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஒரே திசையில் போகும். பகலெல்லாம் காட்டிலும் கொல்லையிலும் மேய்ந்தவை, இருட்டுவதற்குள் நேற்று உட்கார்ந்த அதே மரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். யாரும் விசில் அடித்துக் கூப்பிடுவதில்லை. யாரும் துண்டை விரித்துக்கொண்டு துரத்துவதும் இல்லை.

அதே நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு ஹாலில் வேறு காட்சி நடக்கும். ஆறு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். கிளியோ திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. ‘வா வா’ என்று கூப்பிட்டாகிவிட்டது, பிஸ்கட் காட்டியாகிவிட்டது, நாற்காலி மேல் ஏறியும் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து, கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், விரலில் ரத்தம். ‘இது அடங்காத கிளிப்பா’ என்று ஒரு தீர்ப்பும் வந்துவிடும்.

அடங்காத கிளி இல்லை அது. நன்றாகப் படித்த கிளி. கூண்டு என்றால் ஆட்டம் முடிந்தது, கை என்றால் பிடி, துண்டு என்றால் இருட்டு என்று மூன்று பாடத்தை அந்த வீடே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

கிளி வளர்க்கிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வியே இதுதான்: ‘வெளியே விட்டா திரும்பக் கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது, என்ன செய்யறது?’ விடை இருக்கிறது. பெரிய வித்தையும் இல்லை, ஓரிரு மாதப் பொறுமை போதும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கூண்டில் இருப்பது எந்தக் கிளி? அது வேண்டாம் என்று நினைத்தால் திரும்பாமல் இருக்க அதனால் முடியுமா?

நெல்மணிக்குத் திரும்பும் கிளி

கூண்டைத் திறந்தால் வெளியே வந்து, வேலையை முடித்துவிட்டு, தானே உள்ளே போகும் கிளியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. ஜோசியக் கிளிதான். சந்தையிலும் கோயில் வாசலிலும் மரத்தடியிலும் பார்த்த காட்சி அது. ஜோசியர் வந்தவரின் பெயரைச் சொல்லி, சின்ன மரக்கூண்டின் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வரும். அடுக்கியிருக்கும் சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். கையில் ஒரு நெல்மணி. வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும், கதவு விழும். மொத்தமும் ஒரு நிமிஷ வேலை.

பயிற்சி என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் இது சுத்தமான வேலை. ஒரு செயலுக்கு உடனே பலன் கிடைத்தால் அந்தச் செயல் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதை 1930களில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் பிறகு புறாக்களையும் வைத்து விரிவாகக் காட்டினார். அவரிடம் படித்த பிரிலேண்ட் தம்பதி 1940களில் இதையே தொழிலாக்கி, கோழி, வாத்து, பன்றி என்று எதை எதையோ பழக்கினார்கள். நம்மூர் ஜோசியர் ஸ்கின்னரைப் படித்ததில்லை. ஆனால் நெல்லை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். சீட்டு எடுத்த அந்த நொடியில் நெல். தாமதித்தால் கிளிக்கு எதற்குக் கூலி என்று புரியாது.

சரி, இதில் என்ன தப்பு? கிளி நடந்து வருகிறது என்பதுதான். பறந்து வரவில்லை. ஜோசியக் கிளிகள் பலவற்றின் இறக்கையில் பறப்பதற்கான நீள இறகுகள் வெட்டப்பட்டிருக்கும். திரும்பிப் போவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. நெல்மணி பாதி வேலையைச் செய்கிறது, கத்தரிக்கோல் மீதிப் பாதியை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நெல்மணி மட்டும்தான் தெரியும்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜோசியக் கிளியாக இருப்பது பெரும்பாலும் கழுத்தில் சிவப்பு வளையம் கொண்ட நம்மூர்ப் பச்சைக்கிளி, அதாவது செந்தார்ப் பைங்கிளி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது இந்தக் கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது, அதுவும் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரிலிருந்து. மக்களவைத் தேர்தலில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், பிரச்சாரத்துக்கு நடுவே ஒரு கிளி ஜோசியரிடம் சீட்டு எடுத்துப் பார்த்தார். வெற்றி என்று பலன் வந்தது. வீடியோ பரவியது. அடுத்து வனத்துறை வந்தது. ஜோசியரைப் பிடித்து விசாரித்தார்கள், கிளிகள் பறிமுதல் ஆயின, பிறகு ஜோசியர் விடுவிக்கப்பட்டார். இது அரசியல் பழிவாங்கல் என்று பா.ம.க. கண்டித்தது. (தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸ். கிளி எடுத்த சீட்டு பலிக்கவில்லை.)

அன்றைக்குச் சமூக வலைதளங்களில் ஓடிய வாதம், ‘ஏழை ஜோசியரைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய வீடுகளில் இருக்கும் கிளி கண்ணுக்குத் தெரியாதா?’ என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 2023 பிப்ரவரியில், சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு அலெக்சாண்டிரியன் கிளிகளை வனத்துறை எடுத்துப்போய், இரண்டரை லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. சட்டம் எட்டவே எட்டாது என்று சொல்ல முடியாது. எப்போதாவது எட்டுகிறது, பெரும்பாலும் வீடியோ பரவினால் எட்டுகிறது என்பதுதான் குறை. ஜோசியருக்குப் பிழைப்பு போகிறது என்பதும் உண்மை. அதற்கு மாற்று வழி காட்ட வேண்டியது அரசின் வேலை. கிளியின் இறக்கையில் அந்தச் செலவை ஏற்ற முடியாது.

எந்தக் கிளிக்குப் பயிற்சி?

அப்போ கிளியே வளர்க்கக் கூடாதா? கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம், சில நிபந்தனைகளோடு.

தமிழ்நாட்டுக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிற சின்னப் பறவைகள் உண்மையில் லவ் பேர்ட்ஸே அல்ல. அவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. கொண்டை வைத்த சாம்பல் நிறக் காக்கட்டீலும் ஆஸ்திரேலியாதான். நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றில் ரோஜா நிற முகம் கொண்ட இனம் ஒன்று உண்டு. இந்த மூன்றும், அதாவது பட்ஜி, காக்கட்டீல், ரோஜா முக லவ் பேர்ட், ‘சைட்டீஸ்’ என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இல்லை. எனவே பதிவு தேவையில்லை.

மற்ற வெளிநாட்டுக் கிளிகள் அப்படியில்லை. சன் கனூர், மக்காவ், ஃபிஷர் லவ் பேர்ட், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாம் அந்தப் பட்டியல்களில் உள்ளவை. 2024 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் கிளி இன்னும் ஒரு படி மேல். 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில், காட்டுச் சாம்பல் கிளிகளின் சர்வதேச வணிகத்தைத் தடுக்கும் முதல் பட்டியலுக்கு அது போய்விட்டது. ‘பேப்பர் எல்லாம் அப்புறம் தர்றோம் சார்’ என்று சொல்கிற விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்புவது நல்லது.

கூண்டு சிறையா, சாப்பாட்டு மேசையா?

இனி விஷயத்துக்கு வரலாம். கிளியை நம்மைப் போல் நினைத்துக்கொள்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வெளியே இருப்பது சுதந்திரம், கூண்டு சிறை, அதனால் அது உள்ளே போக விரும்பாது என்று ஒரு நினைப்பு. கிளி அப்படித் தத்துவம் பேசுவதில்லை. அதற்கு ஒரு இடம் என்றால் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. காட்டுக்கிளி சாயங்காலம் மரத்துக்குத் திரும்புவது, அங்கே கூட்டம் இருக்கிறது, இரவுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பதால். வீட்டுக் கூண்டுக்கும் அதே மரியாதையைச் சம்பாதித்துக் கொடுக்க முடியும்.

முதல் மாற்றம் சாப்பாட்டில். நாள் முழுக்கத் தட்டு நிறைய விதை, வெளியே வந்தால் ஹாலில் பிஸ்கட், தோளில் உட்கார்ந்தால் முந்திரி என்று இருந்தால் கூண்டுக்குள் போக அதற்கு எந்தக் காரணமும் இல்லை. காலை, மாலை இரண்டு வேளைச் சாப்பாடும் கூண்டுக்குள் மட்டும் என்று ஆக்க வேண்டும். வெளியே விளையாட்டு உண்டு, விருந்து இல்லை. வெளியே விடும் நேரம் மாலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கட்டும். அரை மணி நேரம் பறந்துவிட்டு, பசி எடுக்கும் நேரமும் இருட்டும் நேரமும் ஒன்றாக வரும்போது கூண்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பட்டினி போடுவது வேறு, இது வேறு. பட்ஜியின் எடையே 30-40 கிராம்தான். காக்கட்டீல் 80-100 கிராம். இவ்வளவு சின்ன உடம்பு பட்டினி தாங்காது. கிளியைப் பழக்குகிறவர் வாங்க வேண்டிய முதல் கருவி விசிலோ குச்சியோ அல்ல, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. வாரம் ஓரிரு முறை எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கிளியின் ஆசையைத் தூண்டப் பசி தேவையில்லை. அதற்கு ரொம்பப் பிடித்த ஒன்றை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, பயிற்சிக்கென்று ஒதுக்கினால் போதும். சிலதுக்குச் சூரியகாந்தி விதை. காக்கட்டீலுக்கும் பட்ஜிக்கும் பெரும்பாலும் தினைக் கதிர். கடையில் ‘மில்லட் ஸ்ப்ரே’ என்று பாக்கெட்டில் விற்பது நம் தினைக் கதிரேதான். குறிஞ்சிப்பாட்டில் தட்டை, குளிர் என்ற கருவிகளை வைத்துக் கிளி ஓட்டிக் காத்தார்களே, அதே தினை. அன்றைக்குக் கிளியை விரட்டக் காத்த பயிர் இன்றைக்குக் கிளியைக் கூப்பிட உதவுகிறது.

இரண்டாவது மாற்றம் கையில். பிடிக்கும் கை, துரத்தும் கை என்ற பெயர் போக வேண்டும். அதற்கு எளிய வழி ஒரு குச்சி. ஐஸ்கிரீம் குச்சியோ, சைனீஸ் சாப்பாட்டோடு வரும் மரக்குச்சியோ போதும். கிளி கூண்டுக்குள் இருக்கும்போதே குச்சியின் நுனியைக் கம்பிக்கு அருகே காட்டினால், ஆர்வத்தில் ஒருமுறை அலகால் தொடும். தொட்ட நொடியில் ‘சரி’ என்று ஒரு சொல், உடனே ஒரு தினை. திரும்பக் காட்டு, தொடு, ‘சரி’, தினை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், நாளைக்கு இரண்டு வேளை போதும். சில நாளில் குச்சி எங்கே போகிறதோ அங்கே கிளி போகும். அங்கிருந்து கூண்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வாசல், வாசலுக்கு வெளியே ஒரு அடி, திரும்ப உள்ளே.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். கிளி உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வேண்டாம். உள்ளே போனால் தினை, திரும்ப வெளியே. மறுபடி உள்ளே, தினை, வெளியே. பத்து முறை போய் வந்தால் ஒரு முறைதான் கதவு சாத்தப்பட வேண்டும், அதுவும் உள்ளே நல்ல சாப்பாடு காத்திருக்கும்போது. உள்ளே போவது எல்லாவற்றுக்கும் முடிவு இல்லை என்று தெரிந்துவிட்டால் கிளிக்குத் தயக்கம் போய்விடும். ஜோசியக் கிளிக்குக் கிடைக்காத பாடமும் இதுதான். அதற்கு உள்ளே போனால் ஒவ்வொரு முறையும் கதவு விழும்.

இதற்கு ஒரு சொல்லும் வேண்டும். ‘வீட்டுக்கு’, ‘உள்ளே’, எதுவானாலும் சரி. வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘உள்ளே போ’, மகள் ‘கோ ஹோம்’, பாட்டி ‘போடி தங்கம்’ என்று ஆளுக்கொன்றாகச் சொன்னால் கிளி யார் பேச்சைக் கேட்கும்? சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்பார்கள். இங்கே சொன்னதையே சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்கள்.

எத்தனை நாளாகும்? குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த காக்கட்டீல் இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே துண்டு பார்த்த கிளிக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அங்கே முதலில் பழசை மறக்கவைக்க வேண்டும். காக்கட்டீலின் கொண்டை தலையோடு படிந்து, சீறல் சத்தம் வந்தால் அது பயம். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். கடித்தால் கத்தவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். கடிப்பது பெரும்பாலும் அது முன்பே காட்டிய சைகையை நாம் பார்க்காததற்கு வந்த பதில்.

கிளிகள் கூண்டை வெறுக்கப் பிறந்தவை என்று நினைப்பவர்களுக்கு அலெக்ஸின் கதை உதவும். 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கப்பட்ட ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அது. விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் அதனோடு 30 ஆண்டுகள் வேலை செய்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை என்று பொருள்களைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டிய அலெக்ஸ், சோதனைகள் அலுத்துப்போனால் ‘திரும்பிப் போகணும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லும். கூண்டுக்குத் திரும்புவதைத் தானே கேட்டு வாங்கிய கிளி. அலெக்ஸ் 2007இல் இறந்தது. அதற்குக் கூண்டு தண்டனை இடமாக இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்குமா?

இறக்கையை வெட்டலாமா?

கடைக்காரரே கேட்பார்: ‘இறக்கை கட் பண்ணித் தரட்டுமா? பறந்து போகாது.’  சில மருத்துவர்கள் சில சூழல்களில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனாலும் பயிற்சிக்குப் பதிலாக அதைச் செய்வது சோம்பேறித்தனம். பறக்க முடியாத கிளி திரும்பி வருவதில் என்ன சம்மதம் இருக்கிறது? பாதுகாப்பும் முழுதாகக் கிடைப்பதில்லை. இறகு வெட்டிய கிளியும் காற்றடித்தால் பால்கனியிலிருந்து மிதந்து போய்விடும். போன பிறகு மேலே ஏறித் திரும்பிவரத்தான் அதால் முடியாது. தரையில் நாயும் பூனையும் காத்திருக்கும்.

பறக்கும் கிளியை வீட்டுக்குள் விடும்போது உண்மையான எதிரி நம் தலைக்கு மேலே சுற்றுகிறது. சீலிங் ஃபேன். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்தி, சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவைப்பது நல்லது. வெயில் காலத்தில் யாராவது வந்ததும் கை தானாக அங்கேதான் போகும். ஜன்னல் வலை, கண்ணாடிக்குத் திரை, சமையலறைக் கதவு சாத்தல். அடுப்பில் நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மேல் சூடானால் கிளம்பும் புகை மனிதருக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும், பக்கத்து அறையில் இருந்தாலும்கூட. சாக்லேட்டும் அவகாடோவும் கிளிக்கு விஷம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கதவிடுக்கில் பறந்துபோனால்? துரத்தினால் இன்னும் தூரம் போகும். போன திசையில் பார்வையை வைத்துக்கொண்டு, பழகிய சொல்லையும் பழகிய சத்தத்தையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் கூண்டை, தினைக் கதிர் தொங்கவிட்டு, மொட்டை மாடியில் தெரியும்படி வைக்க வேண்டும். ஜோடிக் கிளி இருந்தால் அதையும் இன்னொரு கூண்டில் பக்கத்தில் வைக்கலாம். இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் மறுநாள் விடியலும்தான் நல்ல வாய்ப்பு. கூண்டுக்குள் சாப்பாடு என்று பழகிய கிளிக்கு அந்தக் கூண்டு தூரத்திலிருந்தே வீடு. துண்டுக்குப் பயந்து வளர்ந்த கிளிக்கு அது தப்பித்து வந்த இடம்.

‘எங்க வீட்ல பச்சைக்கிளிதான் இருக்கு’

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் சிலரின் வீட்டில், குறிப்பாக ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில், கூண்டில் இருப்பது நம்மூர்ப் பச்சைக்கிளியாகவே இருக்கலாம். ‘பொந்திலிருந்து விழுந்துச்சு, எடுத்து வளர்த்தோம்’ என்பார்கள். ‘தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம், இப்ப என்ன திடீர்னு?’ என்பார்கள். ஆண்டாள் தோளில் கிளி இல்லையா, மீனாட்சி கையில் கிளி இல்லையா என்றும் கேட்பார்கள்.

இருக்கிறது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கிளி தினமும் இலைகளும் பூவும் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே கிளிகள் வளர்க்கப்பட்டன, இப்போது பெயர் மட்டும் நிற்கிறது. பெரிய கோயிலே கூண்டைக் காலி செய்திருக்கிறது.

பச்சைக்கிளி குஞ்சு ‘விழுந்து’ கிடைப்பதும் எப்போதும் விபத்தல்ல. தை முதல் பங்குனி வரை மரப்பொந்திலும் பழைய கட்டடங்களின் கல் இடுக்கிலும் அவை குஞ்சு பொரிக்கும் காலம். கங்கைகொண்ட சோழபுரம் போன்ற பழைய கோயில்கள் உள்ள வட்டாரங்களில் இந்தக் கிளிகளைப் பார்ப்பது சாதாரணம். வியாபாரத்துக்குக் குஞ்சு எடுப்பவர்களும் அதே மாதங்களில்தான் பொந்தில் கைவிடுகிறார்கள். பிடித்த குஞ்சுகளில் பல, விற்பனைக்கு வருமுன்பே செத்துப்போகும். கூண்டில் பேசும் ஒரு கிளிக்குப் பின்னால் பேசாமல் போனவையும் உண்டு.

அதற்காக இன்றைக்கே பால்கனியில் கதவைத் திறந்துவிடுவது தீர்வு இல்லை. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த மாதிரி என்பது பழமொழி, இங்கே அப்படியே நடக்கும். ஆண்டுக்கணக்கில் தட்டில் சாப்பிட்ட கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது, மனிதன் தோளில் போய் உட்காரும். பச்சைக்கிளி கூண்டில் 20, 25 ஆண்டு வாழக்கூடியது. இத்தனை காலம் வீட்டோடு இருந்த உயிர் போவது வருத்தம்தான், அதிலும் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கிளி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் முறையான வழி வனத்துறையிடம் ஒப்படைப்பது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இருப்பவர்கள் மாவட்ட வனத்துறை அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, கிளியின் வயது, இறகு வெட்டப்பட்டதா, என்ன சாப்பிடுகிறது என்ற விவரத்தோடு கொடுக்கலாம். பிடிபட்டு பறிமுதல் ஆவதைவிட, தானாகப் போய்க் கொடுப்பது எல்லாருக்கும் நல்லது. கிளியோடு அதன் வழக்கமான சாப்பாட்டையும் கொஞ்சம் கட்டிக் கொடுத்தனுப்பினால், புது இடத்தில் முதல் சில நாள் அது சாப்பிடும்.

வெட்டிய இறகு முடிபோல மறுபடி நீளாது. அடிக்குருத்து உதிர்ந்து, அந்த இடத்தில் புதியது முளைக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சிலதுக்கு ஓராண்டும் ஆகும். அதுவரை பெரிய கூடத்தில் மற்ற கிளிகளோடு வைத்துப் பறக்கப் பழக்கி, தேறியவற்றை வெளியே விடுவதுதான் முறை. தேறாதவை கூடத்திலேயே தங்கும்.